சத்திரமும் முன்னணையும்

விழாவிற்குப் புறம் என்றும் அகம் என்றும் இரு கூறுகள் உண்டு. விளக்கும் தோரணமும் புத்தாடையும் பலகாரமும் புறம். எந்த நினைவின் பொருட்டு இவை செய்யப்படுகின்றனவோ, அந்நினைவே அகம். புறம் அகத்தைச் சுட்டி நிற்கும்வரை விழா நிறைவுடையது. புறமே வளர்ந்து அகத்தை மூடிவிடின், அது நெல்லைத் தூற்றிவிட்டு உமியைக் குதிரில் சேர்ப்பது போலாகும். கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு இவ்விடர் இன்று பெரிதும் நேர்ந்துள்ளது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் பேரங்காடிகளில் நவம்பர் மாதத்திலேயே கிறிஸ்துமஸ் தொடங்கிவிடுகிறது. பனியே பெய்யாத நாட்டில் பஞ்சினால் பனி செய்கின்றனர்; செயற்கை மரங்கள் வானளாவ நிற்கின்றன. டிசம்பர் 25 கழிந்ததும் அவையெல்லாம் இறங்கிவிடும். சீனப் புத்தாண்டின் செந்நிற விளக்குகள் ஏறிவிடும். வணிகத்தின் நாட்காட்டி அது. திருச்சபையின் நாட்காட்டியோ இதற்கு நேர்மாறானது. விழாவிற்கு முன்வரும் நான்கு ஞாயிறுகள் அடங்கிய பருவம் திருவருகைக் காலம் எனப்படும். அது களிப்பின் காலமன்று, காத்திருப்பின் காலம். தவத்திற்குரிய ஊதா நிறமே அப்போது வழிபாட்டு நிறம். கத்தோலிக்கர் ஞாயிறுதோறும் பாடும் ‘உன்னதங்களிலே’ என்னும் புகழ்ப்பாடலும் அந்நான்கு ஞாயிறுகளில் ஒலிப்பதில்லை. பிறப்பு விழாவின் இரவிலேதான் அது மீண்டும் எழும். அன்று தொடங்கும் விழாக்காலம் சனவரியில் வரும் திருக்காட்சிப் பெருவிழாவரை நீளும். கடை முடிக்கும் நாளிலேதான் கோயில் தொடங்குகிறது என்க. எந்த நாட்காட்டியின்படி தம் இல்லம் நடக்கிறது என்பதே கிறிஸ்தவர் ஒவ்வொருவரும் தம்மை வினவிக்கொள்ள வேண்டிய முதல் வினா.

இவ்வாறு கூறுவதனால் புற அணிகளையெல்லாம் ஒழித்துவிடவேண்டும் என்பதில்லை. ஒழித்துப் பார்த்தோரும் வரலாற்றில் உண்டு. 1647ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பாராளுமன்றம் கிறிஸ்துமஸ் விழாவையே விலக்கிற்று. அமெரிக்காவின் மாசசூசெட்சில் 1659 முதல் 1681 வரை விழாக் கொண்டாடியோர்க்குத் தண்டம் விதிக்கும் சட்டம் இருந்தது. விழாவில் குடியும் கூத்தும் மிகுந்துவிட்டன என்பது அவர்தம் குறை. எனினும் தடைகள் நிலைக்கவில்லை; மக்கள் மீண்டும் கொண்டாடினர். மற்றொருபுறம், இன்று தொன்மையானவை போலத் தோன்றும் பல வழக்கங்கள் அண்மையில் தோன்றியவையே. வாழ்த்து அட்டையை 1843இல் முதன்முதல் அச்சிடுவித்தவர் இலண்டனைச் சேர்ந்த ஹென்றி கோல். செருமானியரின் மர வழக்கம் இங்கிலாந்தில் பரவுவதற்கு, 1848இல் இலண்டன் இதழொன்றில் வெளியான அரச குடும்பத்துப் படம் பெரிதும் துணைசெய்தது. ஆகவே, மரமும் அட்டையும் விழாவின் வேர் அல்ல. அவற்றை வெட்டி எறிவதனால் வேர் தானே வலுப்பெறுவதுமில்லை. வேர் யாது என்று அறிவதே செய்யத்தக்கது.

அதனை அறியத் தமிழ்ச் சொற்களே துணை நிற்கின்றன. இலங்கைத் தமிழர் இவ்விழாவை ‘நத்தார்’ என்பர். பிறப்பு எனப் பொருள்படும் ‘நத்தால்’ என்னும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது அது. இரயில்வேப் பணிக்கென யாழ்ப்பாணத்தார் பலர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் குடியேறியபோது அச்சொல்லும் அவர்களுடன் வந்தது. அச்சொல்லில் மரமும் இல்லை, பனியும் இல்லை. பிறப்பு ஒன்றே உண்டு.

அப்பிறப்பு எங்ஙனம் நிகழ்ந்தது என்பதை லூக்கா நற்செய்தி சுருங்கச் சொல்கிறது. குடிமதிப்பின் பொருட்டுச் சூசையும் மரியும் பெத்லகேமுக்குச் செல்கின்றனர். தங்க இடம் கிடைக்கவில்லை. பிறந்த மகவு கால்நடைத் தீனி இடும் இடத்தில் கிடத்தப்படுகிறது. 1871இல் முழுமையாக வெளிவந்த தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு, இடமில்லாத இல்லத்தைச் ‘சத்திரம்’ என்றும், மகவு கிடந்த இடத்தை ‘முன்னணை’ என்றும் குறிக்கிறது. மாட்டின் முன்னே புல்லிடுவதற்கு அமைந்த அணை முன்னணை. சத்திரம் என்பதோ கூலிக்கு அறை தரும் விடுதியன்று. வழிப்போக்கர்க்கு உறையுளும் உணவும் விலையின்றி அளிக்க அறவோர் அமைத்தது. விடுதியில் இடமில்லையெனில் அது வணிகச் செய்தி. அறச்சாலையில் இடமில்லையெனில் அது நெஞ்சைச் சுடும் செய்தியன்றோ!

கிரேக்க மூலத்தில் ஈண்டு வரும் ‘கத்தலூமா’ என்னும் சொல்லுக்கு விருந்தினர் தங்கும் அறை என்றும் பொருளுண்டு. இறுதி இராவுணவு நிகழ்ந்த அறையையும் லூக்கா இச்சொல்லாலேயே குறிக்கிறார். பிறந்த நாளில் விருந்தினர் அறையில் இடம் பெறாதவர், இறப்பதற்கு முந்திய இரவில் அத்தகைய அறையொன்றில் தாமே பிறர்க்கு உணவளித்தார். வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணியின் தலைவராகிய சூசைக்கு ‘வளன்’ என்று தமிழ்ப்பெயர் சூட்டினார். வளம் என்னும் பொருளுடைய பெயரைத் தாங்கியவர் ஓரிரவு தங்குவதற்கு இடமின்றி நின்றார் என்பதும் எண்ணத்தக்கது.

எனவே, இவ்விழாவின் உட்பொருளை ‘இடந்தருதல்’ என்னும் ஒரு சொல்லில் அடக்கலாம். இறைவன் மனிதரிடையே இடம் நாடி வந்தான் என்பது கிறிஸ்தவரின் நம்பிக்கை. அதனை நம்புவோர் இடமற்றோர்க்கு இடந்தர வேண்டும் என்பது அதன் பயன்.

மலேசியாவில் திறந்த இல்ல உபசரிப்பு என்னும் நல்வழக்கம் உண்டு. இன வேறுபாடின்றி அண்டை அயலார் வந்து உண்டு மகிழ்வர். விருந்து என்னும் தமிழ்ச் சொல்லுக்கே புதுமை என்பது அடிப்பொருள். பழகியவராய் அறிந்து வருவோர், முன்னறிமுகமின்றி வருவோர் என விருந்தினரை இருவகைப்படுத்துவார் பரிமேலழகர். நம் திறந்த இல்லங்களில் முதல் வகையினர்க்குக் குறைவில்லை. இரண்டாம் வகையினர் எத்தனைபேர்?

பிரிக்பீல்ட்ஸ் பகுதியையே நோக்குவோம். சீயோன் லுத்தரன் ஆலயமும் திருச்செபமாலை அன்னை ஆலயமும் அங்கு உள்ளன. 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் அங்கேதான் இயங்குகிறது. பார்வையற்றோர் பலர் உடம்பு பிடித்துவிடும் தொழிலால் அங்கு வாழ்கின்றனர். கிள்ளானில் 1928இல் எழுந்த லூர்து அன்னை ஆலயத்தைச் சூழ்ந்த வட்டாரமோ ஒருகாலத்தில் இரப்பர்த் தோட்டங்கள் நிறைந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டுமனைகளாக்கப்பட்டும் போனபின், லயங்களில் ஒன்றாய் வாழ்ந்தோர் அடுக்குமாடிகளில் சிதறினர். விழா நாளிலும் தனித்திருக்கும் முதியோர் அவர்களிடையே உண்டு. மியன்மாரிலிருந்து உயிர்தப்பி வந்த சின் இனத்தாரும் கோலாலம்பூரில் வாழ்கின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் கிறிஸ்தவர். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா சேரவில்லை; ஆதலின் சட்டத்தில் அவர்களுக்கு அகதி என்னும் நிலை இல்லை. ஏரோதுக்கு அஞ்சி எகிப்துக்கு ஓடிய குடும்பத்தின் கதையை ஆலயத்தில் கேட்போர், அடுத்த தெருவிலிருக்கும் இக்குடும்பங்களை அறியாதிருத்தல் தகுமா?

1223ஆம் ஆண்டில் இத்தாலியின் கிரேச்சியோ என்னும் சிற்றூரில் அசிசி நகர்ப் பிரான்சிசு அமைத்த குடில் புகழ்பெற்றது. வைக்கோல் பரப்பி, உயிருள்ள எருதையும் கழுதையையும் நிறுத்தி, பிறப்பின் எளிமையை மக்கள் கண்ணாரக் காணச் செய்தார். பிறப்பு விழா நாளில் செல்வர் வறியோரை வயிறார உண்பிக்கவேண்டும் என்பதும் அவர்தம் விருப்பம். குடில் வெறும் அழகுப்பொருளன்று, அது பாடம்.

அப்பாடத்தை இல்லங்களிற் கற்பிப்பது அரிதன்று. குடிலை முன்னதாகவே அமைத்து, முன்னணையை 24ஆம் நாள் இரவுவரை வெறுமையாய் வைக்கலாம். காத்திருத்தல் என்பது யாதெனக் குழந்தைகள் அதனால் அறிவர். புத்தாடைக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கைப் பிறர்க்கெனப் பிள்ளைகள் கையாலேயே கொடுக்கச் செய்யலாம். வீடுவீடாகக் கீதம் பாடிச் செல்லும் குழுவினர், அழைத்தோர் இல்லங்களோடு, அழைப்பாரற்ற முதியோர் இல்லங்களுக்கும் செல்லலாம். விருந்துப் பந்தியில், முன்பு அறிந்திராத ஒருவர்க்கேனும் இலை போடலாம்.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை. தமிழாசிரியர்கள் சத்திரம், முன்னணை, விருந்து ஆகிய சொற்களின் பொருளை வகுப்பில் விளக்குவாராயின், கிறிஸ்தவ மாணவர் தம் விழாவின் உட்பொருளை அறிவர். ஏனைய மாணவர் தம் நண்பரின் விழாவை அறிவர். மரமும் விளக்கும் இருக்கட்டும். அவ்விளக்கின் ஒளியில் வாயிலில் நிற்பவர் முகம் தெரியவேண்டும்.