அம்மா வழியிலும் விசாரிக்க வேண்டும்

புராஸ்டேட் பயாப்ஸி அறிக்கையில் ஒருவருக்கு ‘கிளீசன் 3+4’ என்று இருக்கும், இன்னொருவருக்கு ‘4+3’. கூட்டினால் இரண்டும் 7தான். ஆனால் முன்னால் நிற்கும் எண், திசுவில் எந்த வகைச் செல்கள் அதிகம் என்பதைக் காட்டுகிறது. 4 முன்னால் வந்தால் நோய் கூடுதல் முரட்டுத்தனமானது. தேவஸ்தானம் தொடங்கிய திருப்பதி சுவிம்ஸானாலும், சித்தூர்க்காரர்கள் பஸ் ஏறிப் போகும் வேலூர் சி.எம்.சி.யானாலும், இந்தக் கணக்கையும் ரத்தப் பரிசோதனையில் தெரியும் பி.எஸ்.ஏ. அளவையும் நோயின் பரவலையும் வைத்தே மருத்துவர்கள் நோயின் போக்கைக் கணிக்கிறார்கள்.

அப்படியும் ஒரே எண்கள் கொண்ட இருவரில் ஒருவருக்கு நோய் பல ஆண்டுகள் அடங்கிக் கிடக்கிறது, மற்றவருக்குச் சீக்கிரமே எலும்புக்குப் போய்விடுகிறது. காரணத்தில் ஒரு பங்கு மரபணுவுடையது.

டி.என்.ஏ. சேதமானால் அதைச் சரிசெய்ய உதவும் மரபணுக்களில் ஒன்று பி.ஆர்.சி.ஏ.2. மார்பகப் புற்றுநோயோடு சேர்த்தே பெயர் அடிபடுவதால், இது பெண்கள் சமாச்சாரம் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆண்களுக்கும் அது உண்டு. அதில் பிறவிப் பிழை உள்ள ஆணுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதல், வந்தால் வேகமாகப் பரவும் வாய்ப்பும் கூடுதல். 2016இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ வெளியிட்ட ஆய்வில், நோய் பரவிவிட்ட 692 ஆண்களில் 11.8 சதவீதத்தினருக்கு டி.என்.ஏ.வைச் சரிசெய்யும் இத்தகைய மரபணுக்களில் பிறவிப் பிழை இருந்தது. நோய் பரவாதவர்களிடம் அது 4.6 சதவீதம்தான்.

எல்லா மரபணு மாற்றமும் இப்படித் துப்புக் கொடுத்துவிடாது. ஆண் ஹார்மோனுக்குக் கட்டுப்பட்ட ஒரு மரபணு, வளர்ச்சியைத் தூண்டும் இன்னொன்றோடு கட்டிக்குள் ஒட்டிக்கொள்வதை 2005இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அருள் சின்னையன் குழு கண்டுபிடித்தது. மேலைநாட்டு நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இது காணப்படுகிறது, ஆசியர்களிடம் குறைவு. நோய் பிறக்கும் விதத்தை விளக்கிய பெரிய கண்டுபிடிப்பு அது. ஆனால் நோயாளி எப்படித் தேறுவார் என்பதை அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியவில்லை.

பி.ஆர்.சி.ஏ. பிழை தெரிந்தால் சிகிச்சையே மாறலாம். ஹார்மோன் சிகிச்சைக்கு அடங்காத நோய்க்கு, இந்தப் பிழையையே பிடியாகக் கொண்டு செல்லைத் தாக்கும் ஓலாபரிப் மாத்திரையை 2020இல் அமெரிக்கா அனுமதித்தது. அப்போது விலைதான் சாமானியர் கைக்கு எட்டாததாக இருந்தது.

பிறவிப் பிழையைக் கண்டறிய ரத்தமோ எச்சிலோ போதும். அதற்கு முன் காசு செலவில்லாத விசாரணை ஒன்று இருக்கிறது. டாக்டர் குடும்ப வரலாறு கேட்டால் அப்பா, பெரியப்பாவோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அம்மா, சித்தி, பாட்டிக்கு மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே சம்பந்தம் செய்யும் சித்தூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் இரு வழியும் பின்னிக் கிடக்கும். பிழையுள்ள தகப்பனிடமிருந்து அது ஒவ்வொரு பிள்ளைக்கும் போகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. கட்டிக்கொடுத்த மகளுக்கும் அந்தச் சோதனை முடிவைச் சொல்லியாக வேண்டும். அவர் மார்பகப் பரிசோதனையை முன்கூட்டியே தொடங்க அது உதவும்.