எக்ஸ்ரே எடுக்க பட்டனை அமுக்கினால் போதுமா?

ஏற்காடு:
வாழவந்தி பக்கம் சில்வர் ஓக் மரத்தில் ஏறி மிளகு பறிக்கும் தொழிலாளி ஒருவர் கீழே விழுகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு வலி. ஏற்காடு வந்து, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறார்.

சீட்டில் "மணிக்கட்டு எக்ஸ்ரே" என்று இருக்கிறது. பயிற்சி மாணவர் வழக்கமான 2 படம் எடுக்கிறார். முறிவு தெரியவில்லை. "ஒண்ணுமில்லே, போங்க!" ஆள் மலை ஏறி விடுவார்.

வம்பு அங்கேதான்! கட்டை விரலுக்குக் கீழே மணிக்கட்டில் ஸ்காபாய்டு என்று ஒரு சின்ன எலும்பு. அது முறிந்தால் முதல் நாள் படத்தில் பல நேரம் தெரியாது. சந்தேகம் இருந்தால் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாளில் மறுபடி படம் எடுப்பது வழக்கம். கவனிக்காமல் விட்டால் ரத்த ஓட்டம் நின்று எலும்பே செத்துப் போகலாம். மரம் ஏறுகிறவருக்கு கை போனால் சோறு போச்சு.

"எப்படி விழுந்தீங்க? எங்கே தொட்டா வலிக்குது?" என்று கேட்கிற மாணவர், அந்த எலும்புக்கான தனிக் கோணப் படமும் வேண்டுமா என்று டாக்டரிடம் போய் நிற்பார். சீட்டில் இடது கை, வலியோ வலது கையில் என்றால் பட்டனைத் தொடவே மாட்டார்.

சென்னையில் பர்னார்டு கதிரியல் நிலையம் வந்தது 1934-ல். இன்று எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக் கழகத்தில் இதற்கு பி.எஸ்சி. பட்டமே உண்டு. கிலோவோல்ட் கணக்கை மனப்பாடம் செய்து விடலாம். சந்தேகப்படுவதை எப்படிச் சொல்லித் தருவது?

வழி இருக்கிறது. சீட்டையும் பழைய படத்தையும் கொடுத்து, "இதில் என்ன விட்டுப் போச்சு?" என்று கேட்க வேண்டும். மாணவர் பதில் சொல்லும் வரை வாத்தியார் வாய் திறக்கக் கூடாது. சில வாத்தியார்களுக்கு அதுதான் பெரிய கஷ்டம்!