பருத்திக் காய்க்குள் நொதிகளின் வேலை

ஒரு பருத்தி இழை என்பது ஒரே ஒரு செல். விதையின் மேல்தோல் செல்களில் ஏறக்குறைய கால் பங்கு, பூ விரியும் நாளிலேயே புடைத்து நீளத் தொடங்கிவிடுகிறது. மூன்று வாரத்தில் அப்படிப்பட்ட ஒரு செல் 3 சென்டிமீட்டர் வரை வளரும். தடிமனோ மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். தாவர உலகில் இவ்வளவு நீளும் செல்கள் மிகக் குறைவு.

உள்ளே சேரும் சர்க்கரையும் பொட்டாசியமும் நீரை இழுக்க, அந்த அழுத்தம் செல்சுவரை வெளியே தள்ளுகிறது. சுவர் கிழியாமல் நீள வேண்டுமே! அங்கேதான் நொதிகள் வருகின்றன. சுவரின் செல்லுலோஸ் நார்களோடு பிணைந்திருக்கும் சைலோகுளுக்கன் சங்கிலியை ஒரு நொதி வெட்டி, அந்த முனையை வேறொரு சங்கிலியோடு ஒட்டுகிறது. வெட்டும்போதே ஒட்டிவிடுவதால் சுவர் இளகுகிறது, அறுந்துபோவதில்லை.

நீளம் நின்றதும் சுவர் தடிக்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை இந்தக் கட்டம்தான் பேரதிசயம். இலையிலிருந்து வரும் சுக்ரோஸைச் சுக்ரோஸ் சிந்தேஸ் என்ற நொதி பிளந்து, குளுக்கோஸைக் கோக்கத் தயாரான வடிவில் கொடுக்கிறது. செல்லுலோஸ் சிந்தேஸ் அதை வாங்கிச் சங்கிலியாகக் கோக்கிறது. செல்சவ்வில் பதிந்த இந்த நொதிக் கூட்டம், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆறிதழ்ப் பூப்போலத் தெரியும். சங்கிலி நீள நீள, கூட்டமும் சவ்விலேயே நகர்ந்துகொண்டு போகும். சவ்வுக்கு அடியிலுள்ள நுண்குழல்கள் அதற்குப் பாதை காட்டும். முற்றிய இழையில் சுமார் 95 சதவீதம் செல்லுலோஸ்.

தாவரங்களில் செல்லுலோஸ் சிந்தேஸுக்கான மரபணுக்கள் 1996-இல் முதலில் பிடிபட்டதும் பருத்தி இழையில்தான். டெபோரா டெல்மர் அந்த ஆய்வுக் குழுவில் இருந்தார். சுவர் தடிக்கும் நாட்களில் இந்தச் செல் செல்லுலோஸ் செய்வதையே முழுநேர வேலையாக வைத்திருப்பதால், தேட இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 2003-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சுக்ரோஸ் சிந்தேஸ் மரபணுவை அடக்கிப் பார்த்தார்கள். இழைகள் முளைப்பதே தடைபட்டது.

இரவில் குளிர் கூடினால் செல்லுலோஸ் உருவாவது மந்தமாகும். சுவர் தடிக்காத இழை நூற்பில் எளிதாகச் சிக்கி முடிச்சாகும். சாயத் தொட்டியில் வண்ணம் பிடிக்காமல், துணியில் வெளிறிய புள்ளியாக நிற்கும். ஆலைகள் பஞ்சு வாங்கும்போது மைக்ரோனேர் பார்ப்பது இதற்காகத்தான். குறிப்பிட்ட எடைப் பஞ்சை அடைத்து, அதன் ஊடே காற்று எவ்வளவு தடைபடுகிறது என்று அளப்பார்கள். இழை நயமானதாக இருந்தாலும், முற்றாமல் இருந்தாலும் தடை கூடும். ஆகவே முதிர்ச்சியைத் தனியாகவும் சோதித்துப் பார்த்தால்தான் சுவர் எவ்வளவு தடித்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியும்.