இன்றைக்குப் பிள்ளையை யார் அழைத்து வருவது?

2024 அக்டோபர் 28, திங்கட்கிழமை. தீபாவளிக்கு மூன்று நாள்தான் இருந்தது. ராஃபிள்ஸ் பிளேசில் வேலை முடிந்ததும் நேராகத் தேக்காவுக்குப் போனேன். கேம்பல் லேன் நெரிசலில் முறுக்கு அச்சு தேடிக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. மணி 7.05. புக்கிட் பாத்தோக்கில் எங்கள் மகள் போகும் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தின் ஆசிரியர் பேசினார். “இன்னும் யாரும் வரவில்லையே?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நிலையம் ஏழு மணிக்கு மூடப்படும்.

மனைவியை அழைத்தேன். எடுக்கவில்லை. டாக்சி கிடைத்தது, ஆனால் தீவு விரைவுச்சாலையில் வாகனங்கள் ஊர்ந்தன. நான் போய்ச் சேர்ந்தபோது 7.45. காலணி மாட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு மகள் வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், தன் வீட்டுக்குப் போக வேண்டிய ஆசிரியர். அவர் ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. அது இன்னும் கூச்சமாக இருந்தது.

“திங்கட்கிழமைன்னா நீதானே?” என்றேன் வீட்டில்.

“எனக்கு ஆறு மணிக்கு மீட்டிங். நீங்க பார்க்கலையா? என் காலண்டர்ல அப்படித்தானே இருக்கு!”

என் காலண்டரைத் திறந்து காட்டினேன். அதே கூட்டம், அதே திங்கட்கிழமை, மாலை 5 முதல் 6 வரை. இருவர் திரையிலும் இருந்தது ஒரே கூட்டம்தான். ஒரு மணி நேரம்தான் இடித்தது.

காரணம் புரிய அன்றிரவு வெகு நேரமானது. மனைவியின் அலுவலகத்தில் அவுட்லுக், என்னுடையதில் கூகல். அவருடைய கூட்டம் லண்டன் குழுவோடு, அங்கே காலை 10 மணிக்கு. கோடைக்காலத்தில் நமக்கும் லண்டனுக்கும் ஏழு மணி நேர இடைவெளி. எனவே இங்கே மாலை 5. அக்டோபர் கடைசி ஞாயிறன்று பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். இடைவெளி எட்டு மணி நேரமாகிவிடும். கூட்டம் இங்கே 6 மணிக்கு வந்துவிடும். அவுட்லுக்கில் அது லண்டன் நேரமாகப் பதிவாகியிருந்ததால் தானாக நகர்ந்துவிட்டது. என் காலண்டரிலோ நானே கையால் “வாரந்தோறும் 5 முதல் 6” என்று தட்டி வைத்திருந்தேன். பிரிட்டன் கடிகாரத்தைத் திருப்பினால் அதற்கு என்ன தெரியும்?

நான் வளர்ந்ததும் புக்கிட் பாத்தோக்கில்தான். சமையலறைச் சுவரில் மளிகைக் கடையில் கொடுத்த தினசரிக் காலண்டர் ஒன்று தொங்கும். அப்பாவுக்கு ஜூரோங்கில் ஷிஃப்ட் வேலை. அவர் நீலப் பேனாவால் இரவு ஷிஃப்டைக் குறிப்பார். அம்மா சிவப்பில் மருந்தக நாளை எழுதுவார். வீட்டுக்கு ஒரே தாள், எல்லாரும் பார்ப்பதும் அதே தாள். தமிழ்நாட்டில் அச்சான காலண்டர் என்பதால் திதி முடியும் நேரத்தோடு அம்மா இரண்டரை மணி கூட்டிக்கொள்வார். 1982 ஜனவரி 1ஆம் தேதி சிங்கப்பூர் தன் நேரத்தை அரை மணி முன்னே தள்ளுவதற்கு முன்பு இரண்டு மணி கூட்டினால் போதும். அந்தப் பழைய கணக்கு வாயில் வந்து அம்மா தன்னைத் திருத்திக்கொள்வது எனக்கு நினைவிருக்கிறது. நேர மண்டலச் சிக்கல் எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல என்று சொல்லலாம்.

அந்தச் சுவர்க் காலண்டரைத் திரையில் கொண்டுவர முடியுமா என்று பார்த்தேன். முதல் முயற்சியாக, மனைவி தன் அவுட்லுக் காலண்டரைக் கோப்பாகச் சேமித்துத் தந்தார். அதைக் கூகலில் ஏற்றினேன். எல்லாம் அழகாக வந்து உட்கார்ந்தன. இரண்டு நாள் கழித்து அவருக்கு ஒரு கூட்டம் ரத்தானது. என் திரையில் அது அசையாமல் இருந்தது. கோப்பை ஏற்றுவது புகைப்படம் எடுப்பதுபோல. எடுத்த நேரத்தில் இருந்ததுதான் அதில் இருக்கும். பலரும் ‘பகிர்ந்துவிட்டேன்’ என்று நினைத்து இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

அடுத்தது இணைப்பு முகவரி. அவுட்லுக்கில் காலண்டரை ‘வெளியிட’ ஒரு வழி உண்டு, அது ஐ.சி.எஸ். எனப்படும் முகவரி ஒன்றைத் தரும். கூகலில் ‘மற்ற காலண்டர்கள்’ என்பதன் அருகே உள்ள கூட்டல் குறியை அழுத்தி அந்த முகவரியைக் கொடுக்க வேண்டும். கைப்பேசிச் செயலியில் இதைத் தேடாதீர்கள். கணினி உலாவியில்தான் செய்ய முடியும். இப்படிச் செய்தால் மாற்றங்கள் தானாக வரும். எப்போது வரும் என்பதுதான் கேள்வி. 12 மணி நேரம் வரை ஆகலாம் என்று கூகலே சொல்கிறது. அடுத்த வாரக் கூட்டத்துக்கு அது பரவாயில்லை. மதியம் மூன்று மணிக்கு மாறிய ஐந்து மணிக் கூட்டத்துக்கு உதவாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த முகவரி யார் கையில் கிடைத்தாலும் அவருக்கும் திறக்கும். அலுவலகக் காலண்டரில் வாடிக்கையாளர் பெயர் இருக்கும், ஊழியர் நேர்காணல் இருக்கும். அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவது வம்பு. வெளியிடும்போது ‘நேரம் மட்டும்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் மற்றவருக்கு வெறும் ‘பிஸி’ என்று தெரியும். எனக்கும் அது போதும். என் மனைவி யாரைச் சந்திக்கிறார் என்பது எனக்கு எதற்கு? ஆறு மணிக்கு அவரால் கிளம்ப முடியுமா என்பதுதான் வேண்டும். சில அலுவலகங்கள் இந்த வசதியையே மூடி வைத்திருக்கும். அப்படியானால் தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் கேளுங்கள், குறுக்கு வழி தேடாதீர்கள்.

கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது எல்லாவற்றிலும் எளிய வழி. முழுக் காலண்டரையும் பகிர்வதை விட்டுவிட்டோம். மற்றவருக்குத் தெரிய வேண்டிய நிகழ்ச்சிக்கு மட்டும், அலுவலகக் கூட்டத்துக்கு அனுப்புவதுபோல, அழைப்பு அனுப்புகிறோம். அவுட்லுக்கிலிருந்து போகும் அழைப்பு கூகலிலும் ஐஃபோனிலும் ஒழுங்காகத் திறக்கிறது. ஐகேலண்டர் என்ற பொது வடிவம்தான் காரணம். 1998 நவம்பரில் வெளியான அந்தத் தரத்தை எழுதியவர்கள், அன்று போட்டி நிறுவனங்களாக இருந்த லோட்டஸ், மைக்ரோசாஃப்ட் இரண்டையும் சேர்ந்த இரு பொறியாளர்கள். 2009இல் அது திருத்தப்பட்டது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அதில் தனி அடையாளம் ஒன்று உண்டு. நேரத்தை மாற்றினால் புதிய மின்னஞ்சல் போய், அந்த அடையாளத்தை வைத்துப் பழைய நிகழ்ச்சியைக் கண்டுபிடித்து அதையே திருத்தும். அரை நாள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அழைப்பை அனுப்பியவர்தான் மாற்ற வேண்டும். பெற்றவர் தன் திரையில் இழுத்து நகர்த்தினால் அது அவருக்கு மட்டும்தான் நகரும். நான் இப்படி ஒருமுறை நகர்த்திவிட்டு, சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இப்போது ஞாயிறு இரவு, மகள் தூங்கிய பிறகு, பத்து நிமிடம் உட்காருகிறோம். அந்த வாரம் எந்த நாள் யார் அழைத்து வருவது என்று முடிவு செய்கிறோம். பொறுப்பேற்பவர் தன் அலுவலகக் காலண்டரில் மாலை 5.45 முதல் 7 வரை ஒதுக்கி, மற்றவருக்கு அழைப்பு அனுப்புகிறார். அதைத் தனிப்பட்டது என்று குறித்துவிடுவதால் சக ஊழியர்களுக்கு ‘பிஸி’ என்று மட்டும் தெரியும். யாராவது அந்த நேரத்தில் கூட்டம் வைக்கப் பார்த்தால், வேறொரு கூட்டத்தைப் போலவே அது வழிமறிக்கும். அலுவலகக் காலண்டரில் பிள்ளை வேலையைப் போடுவதா என்று முதலில் எனக்குத் தயக்கம் இருந்தது. மனைவிக்கு இல்லை. “கூட்டம் நடக்கிற நேரம்னா கூட்டம் நடக்கிற இடத்துலதானே எழுதணும்?” என்றார்.

லண்டன் கூட்டத்துக்கும் அவர்தான் வழி கண்டார். குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் முன்னதாக, அவர்களுக்குக் காலை 9 மணிக்கு வைக்கலாமா என்று கேட்டு எழுதினார். ஒரே நாளில் சரி என்று பதில் வந்தது. எந்தச் செயலியும் அவருக்காக அதைக் கேட்டிருக்காது. அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல், நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கு முறைப்படி விண்ணப்பித்தால் முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும் என்ற முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகளும் நடப்புக்கு வந்தன. அந்த அளவுக்குப் போக எங்களுக்குத் தேவைப்படவில்லை.

வெளிநாட்டுக் குழுவோடு தொடர் கூட்டம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதைப் பதியும்போது நேர மண்டலம் என்ற இடத்தில் அவர்கள் ஊரைத் தேர்ந்தெடுங்கள். சென்னைக் குழுவென்றால் கவலையில்லை. இந்தியாவில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, வருடம் முழுக்க அதே இரண்டரை மணிதான். நம் பொது விடுமுறை நாள்களைக் கையால் தட்ட வேண்டாம். மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் அவை ஐகேலண்டர் கோப்பாகவே கிடைக்கின்றன.

இன்னும் ஒன்று மட்டும் எதிலும் இணையவில்லை. மகளின் நிலையம் ஆசிரியர் பயிற்சிக்காக மூடும் நாள்களும், சீக்கிரம் முடியும் நாள்களும் ஒரு தாளில் அச்சாகி அவள் பையில் வருகின்றன. அதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டியிருக்கிறோம். எனக்கான நாளில் நீலம், மனைவிக்கான நாளில் சிவப்பு.