மறைகாணியும் மனைக்காவலும்

மலேசியத் தமிழ் நாளிதழ்களில் அண்மைக் காலத்தே பெருக வழங்கும் சொற்களுள் ‘மறைகாணி’ என்பதும் ஒன்று. நகைக்கடைத் திருட்டாயினும் சாலை விபத்தாயினும் ‘மறைகாணியில் பதிவான காட்சி’ என்னும் தொடர் செய்தியில் வந்துவிடுகிறது. மறைந்திருந்து காண்பது மறைகாணி. சொல்லாக்கத்தில் குறை கூறுவதற்கில்லை. ஆனால் எல்லாரும் காண உயரத்தில் பொருத்தி, அருகே அறிவிப்புப் பலகையும் மாட்டி வைத்திருக்கும் கடைக் கருவி மறைந்திருப்பதன்று. அதனைக் ‘கண்காணிப்புக் கேமரா’ என்போரும் உளர். இவ்விரு பெயர்களுக்கும் இடையே உள்ளது வெறும் சொல் வேற்றுமை அன்று. வீட்டிற்குள் வைக்க ஒரு கருவியைத் தேடிச் செல்வோர் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டிய வினாவே அதில் அடங்கியிருக்கிறது.

கண்காணி என்பது தோட்டத்து மக்களுக்குப் புதிய சொல்லுமன்று. கண்ணால் கண்டு மேற்பார்ப்பவன் கண்காணி; அதுவே பேச்சு வழக்கில் கங்காணி ஆயிற்று. தமிழகத்துச் சிற்றூர்களுக்குச் சென்று ஆள் சேர்த்துக் கப்பலேற்றி வந்தவனும் கங்காணி. வந்தவர்கள் நிரை பிடித்துப் பால்மரம் வெட்டும்போது பின்னே நின்று பார்த்தவனும் கங்காணி. வேலைக்கு இறங்கிய தலை ஒவ்வொன்றுக்கும் அவனுக்குத் தலைக்காசு உண்டு. ஆகவே ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டால், அவர் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு அவனுக்குக் காரணமும் உண்டு. 1938இல் இந்திய அரசு தொழிலாளரை உதவிப் பயணத்தில் மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தபின், ஆள்சேர்க்கும் கங்காணி மறைந்தான். மேற்பார்க்கும் கங்காணி நெடுங்காலம் இருந்தான்.

இச்சொல்லின் சுமையை நான் உணர்ந்தது என் வீட்டிலேயே. என் தாயார் எண்பதைக் கடந்தவர். தம் வாழ்நாளிற் பெரும்பகுதி மரம் வெட்டியவர். ஒருநாள் காலை, நானும் என் மனைவியும் வேலைக்குச் சென்றபின், சமையற்கட்டில் வழுக்கி விழுந்தார். எழ இயலவில்லை. நாங்கள் திரும்பும்வரை, ஏறத்தாழ ஐந்து மணி நேரம், சிமெண்டுத் தரையிலேயே கிடந்தார். பெட்டாலிங் ஜெயாவில் வேலை பார்க்கும் என் தம்பி, மறுவாரமே சுவர்க்கடிகார வடிவில் அமைந்த கேமரா ஒன்றை அனுப்பிவைத்தான். ‘அம்மாவிடம் சொல்ல வேண்டா; சொன்னால் ஒப்பமாட்டார்’ என்பது அவன் குறிப்பு. சொல்லாமல் மாட்ட எனக்கு மனம் வரவில்லை, சொல்லிவிட்டேன். “ஏம்ப்பா, மரம் வெட்டுன காலத்துலதான் கங்காணி பின்னால நின்னான். இப்ப வீட்டுக்குள்ளயுமா?” என்று கேட்டுவிட்டு, அவர் வெற்றிலையை மடிக்கலானார். அந்தக் கடிகாரம் அன்று மாட்டப்படவில்லை. ஆயினும், அவர் மீண்டும் விழுந்தால் என் செய்வது என்னும் கவலையும் நீங்கவில்லை. அக்கவலையின் பொருட்டுப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகிறேன்.

தோட்டத்து லயத்தில் இத்தகைய கருவிக்குத் தேவை இருந்ததில்லை. பலகைச் சுவருக்கு அப்பால் ஒருவர் இருமினால் இப்பால் கேட்கும். குழந்தைகளுக்கு ஆயாக்கொட்டகை இருந்தது. முதியவர்க்கு அண்டை வீட்டார் அனைவரும் இருந்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போனபின், மக்கள் தாமான்களில் குடியேறினர். லகாட், பூசிங், பத்து காஜா வட்டாரத்துத் தாமான்களில் பகல் வேளையில் நடந்து பார்த்தால், இரும்புக் கதவுகளும் பூட்டுகளுமே கண்ணிற்படும். கணவனும் மனைவியும் வேலைக்குப் போக, பூட்டிய கதவுக்குப் பின்னே முதியவர் ஒருவர் தனித்திருப்பார்.

வீட்டுக் காவலுக்கென முதன்முதல் காட்சிக் கருவியை அமைத்தவரும் தனிமைக்கு அஞ்சிய ஒருவரே. நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரௌன் ஒரு செவிலியர். அவரும் மின்னணுத் தொழில்நுட்பரான அவர் கணவரும் வேலை நேரம் ஒத்துவராதவர்கள். பல இரவு அவ்வம்மையார் வீட்டில் தனித்திருக்க நேர்ந்தது. காவலரை அழைத்தாலும் விரைந்து வருவதில்லை. எனவே இருவரும் சேர்ந்து, கதவில் மேலும் கீழுமாகத் துளைகள் இட்டு, ஒரு கேமரா அவற்றினிடையே நகர்ந்து வெளியே நிற்பவரைக் காட்டுமாறு செய்தனர். படுக்கையறையில் இருந்தபடியே திரையிற் காணவும், பேசவும், பொத்தானை அழுத்திக் கதவைத் திறக்கவும், ஆபத்தெனில் எச்சரிக்கை எழுப்பவும் அதில் வழி இருந்தது. 1966இல் விண்ணப்பித்த இதற்கு 1969 டிசம்பர் 2இல் காப்புரிமை கிடைத்தது. அக்கருவி வெளியே நிற்பவனைப் பார்த்தது; வீட்டிற்குள் இருப்பவரைப் பார்க்கவில்லை. இதனை வாசகர் குறித்துக்கொள்க.

இன்று கடைகளில் ‘கண்ணிற்படாத கருவி’ என்று விற்பவை இருவகைப்படும். ஒன்று அடக்கமானது: உள்ளங்கை அளவினதாய், வெண்மையாகவோ கருமையாகவோ, புத்தக அலமாரியின் மூலையில் உறுத்தாமல் அமர்ந்திருப்பது. உற்று நோக்கினால் இன்னதென்று தெரியும். மற்றொன்று ஒளிவானது: கடிகாரமாகவும், மின்னூட்டும் கட்டையாகவும், புகையுணரியாகவும், பொம்மையாகவும் வேடம் பூண்டது. தேர்வு செய்வோர் முதல் வகையையே நாட வேண்டும் என்பேன். அறநெறி ஒருபுறம் இருக்கட்டும். வேடமிட்ட கருவிகளிற் பெரும்பாலானவற்றுக்கு ஊரும் பேரும் இல்லை. பழுது நேர்ந்தால் கேட்பாரில்லை. மென்பொருளில் ஓட்டை கண்டால் அடைப்பாரும் இல்லை. சிறு கூட்டுக்குள் அடைத்த மின்சுற்று நம் நாட்டு வெப்பத்தில் எளிதிற் சூடேறும். கண்ணாடித்துளை சிறிதாகையால் மங்கிய ஒளியில் முகம் தெரிவதில்லை. நம் குளியலறையிலும் வாடகை விடுதியிலும் தீயோர் ஒளித்து வைப்பவையும் இவையே என்பதை எண்ணினால், இவ்வாணிகத்துக்கு நம் பணம் போவதே நன்றன்று.

தமிழாசிரியர் சிலர் இவ்விடத்தில் ‘ஒற்றாடல்’ அதிகாரத்தை எனக்கு நினைவூட்டக் கூடும். மறைவாய் அறிவதை வள்ளுவரே ஒப்புக்கொண்டாரன்றோ என்பது அவர் வாதம். உண்மை, ஆனால் அவ்வதிகாரம் பொருட்பாலில் அரசியலில் நிற்பது. ஒற்றரைக் கொண்டு அனைத்தையும் அறிதலை வேந்தன் தொழிலாகவே அவர் வைத்தார். சுற்றத்தாரையும் ஒற்றால் ஆராயச் சொல்கிறாரே எனின், அது ஆட்சிக்கு உரியவன் சுற்றம். இல்லறவியலில் ஒற்றனுக்கு அவர் இடம் வைக்கவில்லை. வாழ்க்கைத் துணைநலத்தில், அடைத்துக் காக்கும் காவலால் ஆவதொன்றில்லை என்று கேட்பதும் அவரே.

இனிக் கருவியைப் பற்றிக் காண்போம். பார்க்கும் அகலம் 110 முதல் 130 பாகை வரை இருந்தால், கூடத்தின் மூலையிலிருந்து ஏறத்தாழ முழு அறையும் தெரியும். அதற்குமேல் அகன்றால் ஓரங்கள் வளைந்து, ஆள் குறுகித் தோன்றும். காட்சித் தெளிவு 1080 வரி போதும். அதுவே ஒரு படத்திற்கு ஏறத்தாழ இருபது இலட்சம் புள்ளிகள். கருவியை ஆளுயரத்துக்குச் சற்று மேலே, சன்னலுக்கு முதுகு காட்டி வைக்க வேண்டும். சன்னலை நோக்கி வைத்தால் பகலில் ஆள் நிழலுருவாய் மட்டும் தெரிவார். கண்ணாடிச் சன்னலுக்கு உள்ளிருந்து வெளியே நோக்கி வைப்போரும் உளர். இரவில் கருவியின் அகச்சிவப்பு ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்புவதால் வெண்புகையன்றி வேறொன்றும் தெரியாது.

அவ்வகச்சிவப்பு ஒளியிலும் இருவகை உண்டு. 850 நானோமீட்டர் விளக்கு இருளில் மங்கிய செம்பொட்டாய்த் தெரியும், தொலைவாகப் பாயும். 940 நானோமீட்டர் விளக்கு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எட்டும் தொலைவு குறைவு. முதியவர் உறங்கும் வீட்டில் செம்பொட்டு தொல்லை தரும் என்றால் இரண்டாவதைத் தேரலாம். அசைவு கண்டவுடன் கைப்பேசிக்கு அறிவிக்கும் கருவிகளில், வெறும் படப்புள்ளிகளின் மாற்றத்தை நோக்குபவை நம் நாட்டுக்கு உதவா. மின்விசிறி திரைச்சீலையை அசைத்தாலும், பல்லி கண்ணாடிமேல் ஊர்ந்தாலும் ‘ஆள் வந்தான்’ என்று அலறும். மனித உருவைப் பிரித்தறியும் ஆற்றல் உள்ளதா என்று கேட்டு வாங்குக. வீட்டு வைஃபை 2.4 கிகாஹெர்ட்சில் இயங்கினால் செங்கற்சுவரைக் கடந்து பின்கட்டு வரை எட்டும். மலிவான கருவிகள் பல அவ்வலையை மட்டுமே அறியும்.

பதிவு எங்கே சேர்கிறது என்பதே விலையைவிடப் பெரிய கேள்வி. நொடிக்கு ஒரு மெகாபிட் வீதம் இடைவிடாது பதிந்தால் ஒரு மணிக்கு 450 மெகாபைட். ஒரு நாளைக்கு 10.8 கிகாபைட். 64 கிகாபைட் நினைவட்டை ஏறத்தாழ ஆறு நாள் பதிவைத் தாங்கும். பின்னர்ப் பழையதை அழித்துப் புதியதை எழுதும். இல்லத்திற்கு அது போதும். மாதக் கட்டணம் செலுத்தி நிறுவனத்தின் கணினியில் சேமிக்கும் முறையும் உண்டு. திருடன் கருவியையே எடுத்துச் சென்றாலும் படம் எஞ்சும் என்பது அதன் நன்மை. ஆனால் நம் கூடம் பிறருடைய கணினியில் இருக்கிறது. அமேசானுக்கு உரிய ரிங் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் 2017இல் வாடிக்கையாளரான பெண்களின் படுக்கையறை, குளியலறைக் காட்சிகளைப் பார்த்தார் என்று அமெரிக்க வாணிக ஆணையம் குற்றஞ்சாட்டிற்று. 2023இல் அந்நிறுவனம் 58 இலட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது.

வெளியார் புகுதல் இன்னும் எளிது. 2016இல் ‘மிராய்’ என்னும் தீநிரல், கேமராக்களிலும் பதிவுப் பெட்டிகளிலும் தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொற்கள் அறுபது அளவில் ஒவ்வொன்றாய் முயன்றே இலட்சக்கணக்கான கருவிகளைத் தன்வயமாக்கிற்று. பூட்டு வாங்கியவர் சாவியை அதிலேயே தொங்கவிட்டது போன்றது இது. நமக்கு அண்மையில் சிங்கப்பூரிலும், 2020 அக்டோபரில், வீட்டுக் கேமராக்களிலிருந்து களவாடிய காட்சிகள் ஆபாசத் தளங்களில் வெளியாயின. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகள் தம் வசம் இருப்பதாக ஒரு கும்பல் கூறிக்கொண்டது. அதே மாதத்தில்தான் சிங்கப்பூர் அரசு இணையக் கருவிகளுக்குப் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தைத் தொடங்கிற்று. முத்திரை நான்கு நிலைகளை உடையது. பெட்டியின்மேல் அம்முத்திரை இருந்தால் நாமும் அதனை ஒரு சான்றாகக் கொள்ளலாம். பிரிட்டனில் எல்லாக் கருவிக்கும் பொதுவான, எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல்லுடன் விற்பதையே 2024 ஏப்ரல் 29 முதல் சட்டம் தடுக்கிறது.

ஆகவே வாங்கிய அன்றே கடவுச்சொல்லை மாற்றுக. கைப்பேசிக்கு இரண்டாவது உறுதிக்குறி வருமாறு செய்க. மென்பொருளை எத்தனை ஆண்டு புதுப்பிப்பர் என்று நிறுவனம் சொல்கிறதா எனப் பார்க்க. ஒலிப்பதிவை நிறுத்திவைப்பதே நன்று. விருந்தினர் நம்மை நம்பிப் பேசுவதை, நாம் இல்லாதபோது ஓர் அட்டை கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கண்ணை மூடும் இமைபோல, கண்ணாடியை மறைக்கும் பொறிமூடி உள்ள கருவியையே நான் விரும்புவேன். மென்பொருளில் ‘நிறுத்தப்பட்டது’ என்று தோன்றுவதை நம்புவதற்கும், மூடி இறங்கியதைக் கண்ணால் காண்பதற்கும் வேறுபாடு உண்டு.

சட்டத்தையும் சிறிது சொல்வேன். மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகத்தைக் கட்டுப்படுத்துவது. தன் இல்லத்துத் தேவைக்காகச் செய்வது அதற்குள் வராது. இதனால் வீட்டுக்காரர் எதுவும் செய்யலாம் என்பதன்று. பெண்ணின் மானத்தைக் குலைக்கும் நோக்கில் அவர் தனிமையில் நுழைவது தண்டனைச் சட்டத்தின் 509ஆம் பிரிவின்படி குற்றம். அண்டை வீட்டை நோக்கித் திருப்பிய கேமராவைப் பற்றிய வழக்கொன்றில், ஜொகூர் உயர் நீதிமன்றம் 2009இல் அயலாரின் தனிமையுரிமைக்கு ஆதரவாகவே தீர்த்தது. வீட்டு வேலைக்கு வரும் அம்மையாருக்குக் கருவி இருக்குமிடத்தை முதல் நாளே காட்டிவிடுக. அவர் படுக்கும் இடத்திலும், எவர் குளிக்கும் இடத்திலும் வைக்கற்க.

ஒன்றை மட்டும் கருவி செய்யாது. விழுபவரை அது தாங்காது. பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் அன்னையார் விழுவதை என் தம்பி கண்டாலும், கதவைத் திறக்க அவனால் ஆகாது. ஆகவே நாங்கள் முதலில் செய்தது, சாவி ஒன்றை எதிர்வீட்டுச் சீன மூதாட்டியிடம் கொடுத்து, அவர் தொலைபேசி எண்ணைப் பெற்றுக்கொண்டது. சமையற்கட்டில் வழுக்காத விரிப்பும் கைப்பிடியும் அடுத்து வந்தன. கேமரா மூன்றாவதாகவே வந்தது. பொறிமூடி உள்ள சிறு வெண்கருவி. விலை நூற்றைம்பது ரிங்கிட்டுக்குள். எங்கே வைப்பது என்பதைத் தாயாரே முடிவு செய்தார்: கூடத்து அலமாரியில், சமையற்கட்டு வாயிலை நோக்கி, அவர் படுக்கும் அறைப் பக்கம் திரும்பாமல்.

காலையில் நாங்கள் புறப்படும்போது மூடியைத் திறப்பதும், மாலையில் இறக்குவதும் அவர் பொறுப்பு. சில நாள் திறக்க மறந்துவிடுகிறார். அன்று தம்பி தொலைபேசியில் அழைத்து நினைவூட்டுகிறான். அவர் அரைமணி நேரம் பேசிய பின்னரே எழுந்துபோய்த் திறக்கிறார்.