பெட்டிகளில் வந்த ஸ்போர்ட்ஸ் கார்

வரிச் சட்டத்தின் ஓர் இடுக்கிலிருந்து ஒரு கார் பிறக்க முடியுமா? பிரிட்டனில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1940-இல், அந்நாட்டில் கொள்முதல் வரி விதிக்கப்பட்டது. போர் முடிந்த பின்னரும் அது நீங்கவில்லை. புதிய கார் வாங்கியவர்கள் விலையோடு அந்த வரியையும் சுமந்தனர். ஆனால் அந்த வரி முழுமையாகக் கோக்கப்பட்ட காருக்குத்தான். சட்டகம் தனியே, எஞ்சின் தனியே, சக்கரங்கள் தனியே என்று பெட்டிகளில் வாங்கி, வீட்டுக் கொட்டகையில் தாமே பூட்டிக்கொண்டவர்களுக்கு அது இல்லை.

இந்த இடுக்கை நன்கு பயன்படுத்தியவர் லோட்டஸ் நிறுவனத்தை நிறுவிய காலின் சாப்மன். 1957-இல் அவர் வெளியிட்ட லோட்டஸ் செவன் இன்றும் 'கிட் கார்' என்ற சொல்லுக்கு முதல் உதாரணமாக நிற்கிறது. மெல்லிய எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த கூண்டு, அதன்மேல் அலுமினியத் தகடு, கதவும் இல்லை, கூரையென்று சொல்லத்தக்கதும் இல்லை. தொடக்கத்தில் வந்த ஃபோர்டு எஞ்சினின் கொள்ளளவு 1172 சிசி. ஆற்றல் சுமார் 40 குதிரைத்திறன்தான். ஆனால் வண்டியின் எடை அரை டன்னுக்கும் குறைவு. அதனால் அந்தச் சிறிய எஞ்சினே போதுமானதாக இருந்தது.

வரிவிலக்குப் பெற வேண்டுமானால் பூட்டும் முறையை விளக்கும் கையேடு தரக்கூடாது என்பது விதியாம். சாப்மன் அதற்குப் பதிலாக, காரைக் கழற்றும் முறையை விளக்கும் கையேட்டைக் கொடுத்தாராம். வாங்கியவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டால் போயிற்று. மோட்டார் பிரியர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை இது. 1973-இல் கொள்முதல் வரி ஒழிந்து மதிப்புக்கூட்டு வரி வந்தபோது, பெட்டியில் வாங்குவதன் இலாபமும் மறைந்தது. அதே ஆண்டில் செவனை உருவாக்கும் உரிமை கேட்டரம் என்ற நிறுவனத்திற்கு மாறியது. அதன் வாரிசு வண்டிகள் இன்றும் உற்பத்தியாகின்றன.

இந்தக் காரில் லோட்டஸின் சொந்தச் சரக்கு குறைவு; பெரும்பாலானவை பிற கார்களிலிருந்து எடுத்தவை. 1960-இல் வந்த இரண்டாம் வரிசைச் செவனின் பின் அச்சு ஸ்டாண்டர்டு டென் குடும்பத்தைச் சேர்ந்தது. ஸ்டீயரிங் அமைப்போ ட்ரையம்ஃப் ஹெரால்டிலிருந்து வந்தது. தமிழ் வாசகர்களுக்கு இப்பெயர்கள் அந்நியமல்ல. சென்னைக்கு அருகே வண்டலூர்ப் பகுதியிலிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் இதே குடும்பத்துக் கார்கள் உருவாகி நம் தெருக்களில் ஓடின. வீட்டுத் திருமணங்களுக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டில் சென்று வந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அந்தச் சாதுவான குடும்பக் காரின் உறுப்புகளே அங்கே பந்தயத் திடலிலும் சுழன்றன.

இனி, இருபது முப்பது ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த அத்தகைய காரை வாங்கிச் சீரமைக்க முனையும் ஒருவரைப் பார்ப்போம். அவர் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டியது, தாம் வாங்குவது எது என்பதைத்தான். லோட்டஸா, கேட்டரமா, அல்லது யாரோ ஒருவர் தம் வீட்டில் பற்றவைத்த நகலா? 1996-இல் ரான் சாம்பியன் என்பவர், 250 பவுண்டு செலவிலேயே ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று தலைப்பிலேயே அறிவித்து ஒரு நூல் எழுதினார். அதைப் படித்துப் பழைய ஃபோர்டு எஸ்கார்ட் காரைப் பிரித்துப் புதுவண்டி செய்தவர்கள் ஏராளம். தோற்றம் ஏறக்குறைய ஒன்றே. மதிப்போ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. சட்டக எண், பதிவு ஏடு, பழைய இரசீதுகள் ஆகியவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்காமல் முன்பணம் கொடுப்பவரை என்னால் புரிந்துகொள்ள முடிந்ததில்லை.

வாங்கியபின், பெயின்ட் பளபளப்பை மறந்துவிட்டுக் குழாய்ச் சட்டகத்தைச் சோதிக்க வேண்டும். எஃகுக் குழாய் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்; வெளியே தட்டிப் பார்த்தால் திடமாகத் தோன்றும் இடம், கூர்மையான கருவியால் அழுத்தினால் உள்வாங்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. அலுமினியத் தகட்டை எஃகின்மேல் ரிவெட் அடித்திருப்பதால், இடையில் ஈரம் புகுந்தவுடன் இரு உலோகங்களுக்குமிடையே மின்வேதி அரிப்புத் தொடங்கி, அலுமினியம் வெண்தூளாக உதிர்கிறது. ஆகவே தகடுகளைக் கழற்றாமல் செய்யும் சீரமைப்பு வெறும் ஒப்பனைதான். முன்மூக்கும் சக்கர மூடிகளும் கண்ணாடியிழையாக இருந்தால் துரு இல்லை. ஆனால் கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்தாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனியே எர்த் வயர் இழுக்க வேண்டும். பழைய கிட் கார்களில் ஒரு விளக்கைப் போட்டால் இன்னொன்று மங்குவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஐந்து ரூபாய் வயருக்காக ஐந்து நாள் தேடியவர்கள் உண்டு.

அடுத்து எஞ்சின். 1960-களின் ஃபோர்டு கென்ட் வகை வார்ப்பிரும்பு எஞ்சின் எளிமையானது, பழுதுபார்க்க இனியது. எனினும் சிலிண்டர்கள் தேய்ந்து, முந்தைய உரிமையாளர் ஒருமுறைக்கு இருமுறை துளை பெருக்கியும் இருந்தால், மீண்டும் கடைந்தெடுக்க இரும்பு மிஞ்சாது. அப்போதுதான் 1990-களின் பதினாறு வால்வு எஞ்சினைப் பொருத்தும் ஆசை எழுகிறது. பழைய கார் உடைக்கும் இடத்தில் அத்தகைய எஞ்சின் மலிவாகக் கிடைக்கும். ஆற்றல் அதிகம், எரிபொருள் தேவை குறைவு, குளிர்காலக் காலையிலும் முதல் திருப்பிலேயே கிளம்பும். கணக்கு இனிக்கிறது.

ஆனால் எஞ்சினின் விலை வேறு. எஞ்சின் மாற்றத்தின் விலை வேறு. அந்தப் புதிய எஞ்சின் முன்சக்கர இயக்கக் காரில் குறுக்குவாட்டில் அமர்ந்திருந்தது. அதை இங்கே நீளவாக்கில் திருப்பி வைத்தவுடன், பக்கத்தில் இருந்த தண்ணீர் வாய் பின்னால் வந்து ஓட்டுநர் முன்னுள்ள தடுப்புத் தகட்டில் முட்டும். அடியிலுள்ள ஆயில் சம்ப் சட்டகத்திற்குக் கீழே தொங்கும். நம் ஊர் வேகத்தடை வேண்டாம், ஆங்கிலேயக் கிராமச் சாலையின் மேடு ஒன்றே அதை உடைத்துவிடும். எனவே உயரம் குறைந்த சம்ப் செய்ய வேண்டும். உயரத்தை மட்டும் வெட்டிவிட்டு உள்ளே தடுப்புகள் வைக்காவிட்டால், வேகமாக வளைவில் திரும்பும்போது ஆயில் ஒருபுறம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கும். சில நொடிகளில் பேரிங்குகள் போய்விடும். வெளியேற்றுக் குழாய் ஸ்டீயரிங் தண்டை உரசாமல் வளைய வேண்டும். கார்புரேட்டருக்குப் பதில் எரிபொருள் ஊசல் முறை என்றால் உயரழுத்தப் பம்ப், தொட்டிக்குத் திரும்பும் குழாய், மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி, புதிய வயரிங் அனைத்தும் கூடவே வரும். இத்தனையும் முடிந்தபின்பே பின் அச்சும் பிரேக்கும் நினைவுக்கு வருகின்றன. 40 குதிரைத்திறனுக்கென அமைந்த அச்சு மும்மடங்கு ஆற்றலைத் தாங்குமா என்ற கேள்வியை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இதனால்தான், எஞ்சினுக்கென ஒதுக்கிய தொகைக்கு இணையான இன்னொரு தொகையையாவது கையிருப்பில் வைத்துக்கொள்ளாமல் பழைய எஞ்சினைக் கழற்ற வேண்டாம் என்பது என் கருத்து. பாதியில் நின்ற கிட் காரைப் போல் விலை வீழும் பொருள் அரிது. பிரித்துப் போட்ட வண்டியை விற்கும் விளம்பரங்களில் 'நேரமின்மையால்' என்று எழுதியிருக்கும்; அதைப் 'பணமின்மையால்' என்று படித்துக்கொள்ளலாம்.

சட்டம் இதை எவ்வாறு பார்க்கிறது? மாற்றியமைத்த வாகனம் தன் பழைய பதிவெண்ணைத் தக்கவைக்குமா என்பதை முடிவுசெய்ய, பிரிட்டிஷ் அதிகாரிகள் நெடுங்காலம் ஒரு மதிப்பெண் முறையைக் கையாண்டனர். எட்டு மதிப்பெண் வேண்டும். சட்டகத்திற்கு ஐந்து, சஸ்பென்ஷன், அச்சுகள், கியர் அமைப்பு, ஸ்டீயரிங் ஆகியவற்றிற்குத் தலா இரண்டு, எஞ்சினுக்கோ ஒன்றே ஒன்று! காரின் இதயம் என்று நாம் புகழும் உறுப்பை அந்தக் கணக்கு அப்படித்தான் எடைபோட்டது. சட்டகம் மூலமாக இருந்தால் எஞ்சினை மாற்றியபின்னும் அது அதே கார். துருப்பிடித்த சட்டகத்தை முழுதாக மாற்றியவரின் கதை வேறாகிவிடும்.

இந்தியாவில் அளவுகோல் இன்னும் கண்டிப்பானது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாகப் பதிவுச் சான்று அமையும்படி வாகனத்தை மாற்ற இயலாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. 2021-இல் வந்த பழம்பெரும் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த வாகனங்கள் 'வி.ஏ.' என்ற தனி வரிசை எண் பெறலாம். ஆனால் சட்டகம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்யாத வாகனத்திற்கே அத்தகுதி உண்டு. தாத்தாவின் ஹெரால்டுக்குப் புதிய எஞ்சின் பொருத்த நினைப்பவர், பட்டறைக்குச் செல்லும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்கும் காப்பீட்டு நிறுவனத்திற்கும் சென்று வருவது நலம். தெரிவிக்காத மாற்றம் விபத்துக்குப் பிந்தைய இழப்பீட்டுக் கோரிக்கையின்போதுதான் வெளியே வரும்.

பிரிட்டனில் அனுபவமுள்ள சீரமைப்பாளர்கள் ஒரு வழக்கத்தைக் கைவிடுவதில்லை. மாற்ற எஞ்சின் எவ்வளவு சிறப்பாக ஓடினாலும் பழையதை விற்பதில்லை. பின்னாளில் வாங்க வருபவர் மூல எஞ்சின் உண்டா என்றுதான் முதலில் கேட்பார். ஆகவே நீரையும் ஆயிலையும் வடித்து, சிலிண்டர்களுக்குள் சிறிது எண்ணெய் ஊற்றிக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, துளைகளை அடைத்து, தார்ப்பாயில் பொதிந்து கொட்டகையின் மூலையில் வைக்கிறார்கள். எண் பொறித்த பக்கம் மட்டும் வெளியே தெரியும்படி.