வகுப்பறையில் ஒரு குடவோலை

சரித்திர பாடம் என்றால் வருஷங்களை நெட்டுருப் போட்டுப் பரீட்சைத் தாளிலே இறக்கிவைத்து மறுநாளே மறந்துவிடுவது என்று ஏற்பட்டுவிட்ட வழக்கத்துக்கு மாற்றாக, மாணாக்கர்கள் தம் கைகளாலேயே ஏதேனும் ஒன்றைச் செய்து பார்த்துப் பழங்காலத்தை அறிய வேண்டும் என்னும் கொள்கை இப்போது பள்ளிக்கூடங்களில் ஓரளவு பரவியிருக்கிறது. சந்தோஷமே. ஆனால் அந்தக் கொள்கை பெரும்பாலும் தெர்மாகோல் அட்டையில் தஞ்சைப் பெரிய கோயிலை ஒட்டிக்கொண்டு வருவதோடு நின்றுவிடுகிறது. அதைக் கட்டி முடிப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை இரவு பசையும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்திருக்கும் தாய் தந்தையரே என்பதும் ஊரறிந்த ரகசியம். அப்படி உருவாகும் கோயில் பிள்ளையின் மனத்தில் ஒரு கேள்வியையும் எழுப்புவதில்லை. கேள்வி எழாத கைவேலையால் கைக்குப் பழக்கம் உண்டாகலாமே தவிர, சரித்திர ஞானத்துக்கு விளையும் பிரயோசனம் மிகச் சொற்பம்.

கேள்வி எழுப்பக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். முதலாம் பராந்தக சோழனுடைய 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்தரமேரூர்ச் சபையார் தங்கள் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைக் கல்லிலே வெட்டிவைத்தார்கள். குடவோலை என்ற பெயரை மட்டும் பாடப்புத்தகத்திலிருந்து எல்லோரும் அறிவோம். சாசனம் அந்தக் காரியத்தை எவ்வளவு நுணுக்கமாக விவரிக்கிறது என்பதை அறிந்தவர் சிலரே. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலைகளில் எழுதி, குடும்பின் பெயரெழுதிய வாயோலை பூட்டிக் கட்டி, குடத்திலே இடுவார்கள். சபையார் சிறியோரும் பெரியோருமாகக் கூடியிருக்க, கோயில் அர்ச்சகர்களான நம்பிமாரில் வயது முதிர்ந்தவர் குடத்தை எல்லோரும் காண உயர்த்திப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுக்க, அது வேறொரு குடத்தில் அவிழ்த்துக் குலுக்கப்படும். மறுபடியும் அவனே எடுக்கும் ஓர் ஓலையை, மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கி வாசிப்பான்.

இதை வகுப்பிலே நடத்திக் காட்ட இரண்டு மண்பானைகளும், பழைய நோட்டுத் தாளில் கத்தரித்த துண்டுகளும், ஒன்றாம் வகுப்பிலிருந்து இரவல் வாங்கிய ஒரு குழந்தையும் போதும். நடத்துவதற்கு முன்பு உபாத்தியாயர் மாணாக்கருள் இருவரை ரகசியமாக அழைத்து, எப்படியாவது மோசடி செய்து தங்களுக்கு வேண்டியவனை ஜெயிக்க வைக்கும்படி சொல்லிவிட வேண்டும். விரலிடுக்கில் வேறு துண்டை ஒளித்துவைத்திருந்தவன், கையை விரித்து நீட்ட வேண்டும் என்ற விதி வந்தவுடன் திருதிருவென்று விழிப்பான். விரல்களை ஏன் விரிக்கச் சொன்னார்கள், குடத்தை ஏன் உயர்த்தினார்கள், இரண்டாம் குடம் எதற்காக என்று ஒவ்வொன்றாக விளங்கும். அந்தக் காலத்து மனிதர்களும் ஒருவரையொருவர் சந்தேகித்தார்கள் என்ற உண்மை, நூறு பக்கம் வாசித்தாலும் இவ்வளவு பிரத்தியட்சமாகப் புலப்படாது.

இதைவிட முக்கியமானது தகுதிப் பட்டியல். கால் வேலிக்கு மேற்பட்ட, இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, 35க்கு மேல் 70க்கு உட்பட்ட வயது, வேதப் பயிற்சி. (அரைக்கால் வேலியே உடையவனாயினும் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றவனுக்கு விலக்கு உண்டு.) முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் குடத்தருகே வரக்கூடாது. இவ்விதியைக் கேட்கும் பெரியவர்கள் பெருமூச்சு விடக்கூடும். மாணாக்கர் ஒவ்வொருவருக்கும் குயவர், நிலமற்ற உழவர், நெசவாளர், விதவை, முப்பது வயது நிலக்கிழார் என்று ஒரு வேஷத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்து எழுந்து நிற்கச் சொல்லி, விதிகளை ஒவ்வொன்றாக வாசித்து, பொருந்தாதவரை உட்காரச் சொன்னால், முடிவில் நிற்பவர் நாலைந்து பேராகத்தான் இருப்பார்கள். ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடைகளில் முழங்கப்படுவது இதுதானா என்று உட்கார்ந்தவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். உத்தரமேரூர் பிராமணர்களுக்கு வழங்கப்பட்ட பிரமதேயம் என்பதையும், மோசடிக்கு இடமில்லாதபடி அவர்கள் வகுத்த முறை மெச்சத்தக்கது என்பதையும் ஒருங்கே ஏற்கும் பக்குவம் பதின்மூன்று வயதில் வருவது கடினமன்று. அதற்குப் பிறகுதான் கடினமாகிறது.

எழுத்தின் சரித்திரத்துக்கு உடைந்த பானையோடும் ஓர் ஆணியும் போதும். கீழடியில் கிடைத்த ஓடுகளில் ஆதன் முதலிய பெயர்கள் தமிழ் பிராமியில் கீறப்பட்டுள்ளன. அவ்வெழுத்துகளைப் பார்த்துத் தம் பெயரை ஓட்டிலே கீறும் பிள்ளைகள், நேர்கோடு எளிதில் வருவதையும் வளைவு வழுக்குவதையும் விரலால் உணர்வார்கள். பிறகு ஒரு பனையோலையில் கீறச் சொன்னால் நேர்கோடு நரம்போடு சேர்ந்து கிழிக்கும். நம் எழுத்துகள் வட்டமானதற்கு ஓலையும் ஒரு காரணம் என்று அறிஞர் கூறுவதைப் பரிசோதித்துப் பார்த்தவர்கள் ஆவார்கள்.

ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். ஆர்வ மிகுதியால் கோயிற்சுவரின் கல்வெட்டிலே சுண்ணக்கட்டியோ எண்ணெயோ பூசி எழுத்தை எடுப்பாக்க முனைவது பெருந்தீங்கு. மைப்படி எடுப்பது பயிற்சியும் அநுமதியும் பெற்றவர்களின் வேலை. நாணயத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பதே பிள்ளைகளுக்குப் போதுமான அப்பியாசம்.

உத்தரமேரூர்ச் சாசனம் இன்றும் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். உபாத்தியாயர்கள் மாணாக்கரை அங்கே அழைத்துச் செல்வதானால், வகுப்பிலே குடவோலையை நடத்திய பிறகே அழைத்துச் செல்ல வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.